பிவிசி குழாய்களின் பாசமிகு பாதுகாவலர்

இனிமேல் தமிழ் எழுத்தை இரண்டு காலமாகப் பிரிக்க வேண்டி வரும் என்று கோபிசங்கர் அறிவித்தான். அவன் இணையத்தில் எழுதத் தொடங்குவதற்கு முந்தியது ஒன்று, பிந்தியது மற்றது. முந்திய காலத்தின்மேல் அவனுக்குக் கோபம் எதுவும் இல்லையாம். அது தன்னால் இயன்றதைச் செய்ததாம்.

கொக்குவில் ஸ்டேசனுக்கு முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர் இருந்தோம். கோபிசங்கர், தனுசியா, நான். மூவரும் கம்பஸில் ஒரே வகுப்பு. பரீட்சை முடிந்து பெறுபேறு வராத காலம். யாழ்ப்பாணம் போகிற ரயில் அந்த நேரம் பார்த்து ஊதியது. கோபி அதைத் தனக்குக் கிடைத்த ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டான்.

“எந்தத் தளத்திலை எழுதப் போறீர்?” என்று தனுசியா கேட்டாள்.

“அதுதான் யோசிக்கிறன். எந்தத் தளத்துக்கு அந்தப் பாக்கியத்தைக் குடுக்கிறதெண்டு.”

“காசு தாற தளமாப் பாரும். அப்பா பொங்கல் வரைக்கும்தானே தவணை தந்தவர்.”

அதுதான் விசயம். கோபியின் அப்பா பொன்னம்பலம் சொல் சுருக்கமான மனிதர். தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டபடியே மகனுடைய எதிர்காலத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டார். “தைப்பொங்கலுக்கிடையிலை எழுத்தாலை ஏதும் வருமெண்டால் எழுது. வராட்டில் மாமான்ரை கடை.”

மாமா என்றால் கோபியின் அம்மாவுக்குத் தமையன், குகதாசன். தெல்லிப்பழையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஒரு விடுமுறைக்கு அங்கே ஒரு கிழமை வேலை செய்துவிட்டு வந்த கோபி, அரை அங்குலக் குழாய் எல்போவுக்கும் முக்கால் அங்குல எல்போவுக்கும் இடையில் நசுங்கிச் சாகும் ஆன்மாவைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதினான். அந்த ஆன்மா அவனுடையது. திரும்பவும் அங்கே போவதைவிடச் சாவது மேல் என்று அவன் சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. சாகப்போவது வேறு ஆள் என்று யாருக்குத் தெரியும்.

“ஒண்டும் சரிவராட்டில் என்னோடை வாரும்,” என்றாள் தனுசியா. “எங்களுக்கு எழுத ஆள் காணாது.”

தனுசியா உடுப்பிட்டி வீட்டில் இருந்தபடி, கனடாவில் ஒருவர் நடத்துகிற மரண அறிவித்தல் தளத்துக்கு எழுதுகிறாள். எங்களுக்குள் எழுதிச் சம்பாதிக்கிற ஒரே ஆள் அவள்தான். கோபி இதை ஒத்துக்கொள்வதில்லை.

“அதை எழுத்தெண்டு சொல்லாதையும். பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் காலமானார். அன்னார் இன்னாரின்ரை மகனும், இன்னாரின்ரை மருமகனும். பேந்து ஒவ்வொரு பிள்ளைக்குப் பக்கத்திலையும் அடைப்புக்குள்ளை ஒரு நாடு. அது எழுத்தில்லை தனுசியா. பெட்டிக்கு ஒட்டுற லேபல்.”

“சனம் வாசிக்குது.”

“சனம் பஸ் ரிக்கற்றையும்தான் வாசிக்குது. குறிச்சு வையும். அன்னார் எண்ட சொல்லை நான் என்ரை வாழ்க்கையிலை எழுதமாட்டன். ஜெஸீம், நீ சாட்சி.”

நான் சாட்சியானேன். வடைத்தட்டு அவன் பக்கம் இருந்ததால் வேறு வழியில்லை.

எங்கள் பக்கம் இந்த வழக்கம் குறைவு. யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் தெருவில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வார்கள், அதோடு செய்தி முடிந்தது. கோபியின் ஆட்கள் காலையில் பல்லுத் தீட்ட முன்னமே போனில் மரண அறிவித்தல் பார்ப்பது எனக்கு முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு விளங்கியது. சொந்தக்காரரில் பாதிப்பேர் ஊரில், மீதிப்பேர் உலகம் முழுக்க. யார் இருக்கிறார்கள் என்று அறிய, யார் போனார்கள் என்று பார்ப்பதுதான் சுருக்கமான வழி.

கோபி தளம் தேடத் தொடங்கினான்.

முதலில் விளம்பரத்துக்கு இடம் விட்டுச் சொந்த வலைப்பூ ஒன்று. பசியில் வாடும் குடும்பம் ஒன்றைப் பற்றிக் கதை போட்டான். கதையில் குழந்தை சோறு கேட்கும் இடத்தில், தொப்பை குறைக்கும் பெல்ற் விளம்பரம் வந்து நின்றது. அதை அழுத்திப் பார்த்த ஒரே வாசகி அவனுடைய அம்மா குணலட்சுமி. அளவு சரிவந்திருந்தால் வாங்கியும் இருப்பார்.

பிறகு தொடர்கதைச் செயலி ஒன்று. வாசகர்கள் பிடித்த எழுத்தாளருக்கு நாணயம் அன்பளிப்புச் செய்வார்கள், சேர்த்தால் காசாக்கலாம். அந்தக் காசு இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் போகும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். கருத்துகளைத்தான் தாங்க முடியவில்லை. “சூப்பர் சிஸ்டர், அடுத்த எபிசோட் எப்போ?” என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர், “கதை நல்லா இருக்கு, தமிழ்ல எழுதினா இன்னும் நல்லா இருக்கும்” என்று எழுதியிருந்தார். அன்று முழுக்கக் கோபி ஒருவரோடும் கதைக்கவில்லை. எந்தப் பாஷையில் கதைப்பது என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சந்தா கட்டி வாசிக்கிற மின்மடலும் ஒன்று நடத்தினான். நானும் தனுசியாவும் இலவசப் பகுதியில் இருந்தோம். காசு கட்டுகிற வாசகர் ஒருவர் சேர்ந்த நாளில் எங்களுக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தான். பார்த்தால் அந்த வாசகரும் அவன்தான். பரிசோதித்துப் பார்க்க வேறு மின்னஞ்சலில் சேர்ந்தவன், விலக மறந்துபோனான். அவனுடைய காசு, தளத்தின் பங்கு போக மீதி, மாதாமாதம் அவனிடமே வந்துகொண்டிருந்தது.

இப்படியே கார்த்திகை மழையும் வந்துவிட்டது. குகதாசன் மாமா கடையில் ஒரு ஸ்ரூலைத் துடைத்துவைத்திருப்பதாக அம்மா நல்ல செய்தி போலச் சொன்னார். கோபி கோப்பையைக் கீழே வைத்த சத்தம் மதிலுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

“எங்கடை ஆக்கள் எங்கை இருக்கினமோ அங்கை எழுதும்,” என்றாள் தனுசியா. அவன் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் திறந்தான். போதிய ஆட்கள் பின்தொடர்ந்தால் அந்தப் பக்கத்துக்குக் காசு வரும். ‘துருப்பிடியாதவர்’ என்று ஒரு நையாண்டித் தொடர் தொடங்கினான். கதாநாயகன் தெல்லிப்பழையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் கஞ்சர். பெயர் குகதாசன்.

“பேரையாவது மாத்தடா,” என்றேன்.

“பேர் மாத்துறது பயந்தவன்ரை வேலை. நான் யதார்த்தம் எழுதுறவன்.”

அத்தியாயத்தின் அடியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில் ‘யாவும் கற்பனை’ என்று போட்டான். மாமா போனில் சீமெந்து விலையைத் தவிர வேறொன்றும் வாசிக்கிறவர் இல்லை. அம்மா மகன் போடுகிற எல்லாவற்றுக்கும் வாசிக்காமலே இதயம் போடுகிறவர். ஆகவே ஆபத்து இல்லை. வாசகர்களும் இல்லை.

கடைசியில் கதாநாயகனைக் கொன்று தொடரை முடித்துவிடுவது என்று தீர்மானித்தான். மார்கழி மாதத்து ஒரு விடியற்காலை இறுதி அத்தியாயம் வந்தது. தலைப்பு மேலே. அதற்குக் கீழே குகதாசன் மாமா கழுத்தில் மாலையோடு இருக்கும் படம். கடையின் ஆண்டு விழாவில் எடுத்தது. படத்துக்குக் கீழே:

“யாழ். தெல்லிப்பழையைப் பிறப்பிடமாகவும், தனது கடையை வதிவிடமாகவும் கொண்ட பொன்னுத்துரை குகதாசன் அவர்கள் இன்று காலமானார். அன்னார் காலஞ்சென்றவர்களான பொன்னுத்துரை, சிவபாக்கியம் தம்பதியினரின் அன்பு மகனும், குணலட்சுமி, சுரேஸ் (கனடா) ஆகியோரின் பாசமிகு தமையனும், பிவிசி குழாய்களின் பாசமிகு பாதுகாவலரும், கடனுக்குக் கேட்டவர்களின் நிரந்தர எதிரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: குடும்பத்தினர்.”

நான் உடனே அழைத்தேன். “அன்னார் எண்டு எழுதமாட்டன் எண்டாய்.”

“நையாண்டியிலை எழுதினால் அது எழுதினதாகாது,” என்றுவிட்டுப் படுக்கப் போனான்.

வெயில் ஏறிய பிறகு, அவனிடம் வாங்கிய சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கேற்றைத் திறக்க முன்னமே உள்ளே அழுகைச் சத்தம். குணலட்சுமி அன்ரி விறாந்தையில் தலைவிரி கோலமாக இருந்தார். அயல்வீட்டுப் பெண்கள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“தம்பி, என்ரை அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்,” என்றார். “சுரேஸ் கனடாவிலையிருந்து எடுத்தவன். கதைக்கேலாமல் அழுகிறான்.”

நான் சார்ஜரைக் கையில் வைத்தபடியே கேட்டேன். “மாமாவின்ரை போனுக்கு எடுத்துப் பாத்தனீங்களோ, அன்ரி?”

“செத்த ஆளுக்கு எப்பிடித் தம்பி போன் எடுக்கிறது?”

அதில் பிழை சொல்ல முடியவில்லை. மாமிக்கு எடுத்தார்களாம். மாமி எடுக்கவில்லை. செத்த வீட்டில் யார் போன் எடுப்பார்கள்? எல்லாம் பொருந்தித்தான் வந்தது.

சத்தம் கேட்டுக் கண்ணைக் கசக்கியபடி கோபி வெளியே வந்தான். அம்மா செய்தியைச் சொன்னார். அவனுடைய முகத்தில் ஓடிக்கொண்டிருந்த இரத்தம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதவுநிலையைப் பிடித்தான். பிறகு என் கையைப் பிடித்து ஒரு மூலைக்கு இழுத்தான்.

“மச்சான், விடியத்தான்ரா நான் அவரைக் கதையிலை சாக்காட்டினனான்.”

“தெரியும்.”

“இப்ப உண்மையாச் செத்திட்டார்.”

படித்தவர்கள் என்று வெளியில் பெயர். இரண்டு செய்திக்கும் தாய் ஒன்றே என்று இருவருக்குமே படவில்லை.

அம்மாவும் அப்பாவும் ஓட்டோ பிடித்து வரட்டும் என்று நாங்கள் என் மோட்டார்சைக்கிளில் முன்னுக்கு வெளிக்கிட்டோம். காங்கேசன்துறை வீதி. இணுவில் தாண்டும் வரைக்கும் பின்னால் இருந்து அழுதான். “எழுத்துக்கு வலுவிருக்கு எண்டு எல்லாரும் சொல்லுறவை. இவ்வளவு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை மச்சான்.” சுன்னாகம் வரும்போது அழுகை நின்றுவிட்டது. பயத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு பெருமிதம் தலைகாட்டுவது குரலில் தெரிந்தது. இதுவரை தான் எழுதிய கதைகளில் யார் யாருக்கு என்ன நடந்தது என்று நினைவுபடுத்தத் தொடங்கினான்.

“உன்னைப் பற்றியும் ஒண்டு எழுதி வைச்சிருக்கிறன், ஜெஸீம்.”

நான் பிரேக் பிடித்தேன்.

“பயப்பிடாதை. இன்னும் முடிக்கேல்லை.”

மல்லாகத்தில் மாலை வாங்க நிறுத்தினோம். பூக்கடைக்காரர் கேட்காமலே பெரிய மாலை ஒன்றை எடுத்தார். “குகதாசன் முதலாளிக்கோ? காலமையிலையிருந்து எல்லாரும் அவருக்குத்தான் வாங்கினம். நல்ல மனிசன் எண்டில்லை. ஆனாலும் மனிசன்.” போனைத் திருப்பிக் காட்டினார். வட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல். மாலை போட்ட படம்.

நான் வாசித்தேன். ‘பிவிசி குழாய்களின் பாசமிகு பாதுகாவலரும்’ என்ற இடம் வந்ததும் நின்றேன். மறுபடி முதலில் இருந்து வாசித்தேன். பாதுகாவலர் அங்கேயேதான் நின்றார். போனைக் கோபியிடம் நீட்டினேன்.

மேலே இருந்த ‘துருப்பிடியாதவர், இறுதி அத்தியாயம்’ என்பதையும் கீழே இருந்த ‘யாவும் கற்பனை’ என்பதையும் யாரோ ஒரு புண்ணியவான் அழகாக வெட்டிவிட்டிருந்தார். நடுவில் இருந்தது மட்டும் உலகம் சுற்றியிருந்தது. மரண அறிவித்தலை யாரும் முழுக்க வாசிப்பதில்லை என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். படம் பார்ப்பார்கள், ஊர் பார்ப்பார்கள், தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழாய் இருக்கிறதா என்று யார் பார்ப்பது?

“அப்ப மாமா சாகேல்லை,” என்றேன்.

ஒரு மருமகனுக்கு அந்த நேரம் வரவேண்டிய நிம்மதி கோபியின் முகத்தில் வரவில்லை. “மச்சான்,” என்றான் மெதுவாக, “அவர் இப்ப செத்திருந்தால் எவ்வளவு நல்லம்.”

பூக்கடைக்காரர் மாலையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டான்.

குகதாசன் ஹாட்வெயார்ஸ் திறந்திருந்தது. எதிர்ப்பக்க மதிலோரம் வெள்ளை உடுத்த ஆட்கள் கூட்டமாக நின்று கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீதியைத் தாண்டிக் கடைக்குப் போக ஒருவருக்கும் துணிவில்லை. கடை வாசலில் பந்தல் கம்புகளும் கதிரைகளும் ஏற்றிய லொறி ஒன்று. உள்ளே குகதாசன் மாமா, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பந்தல்காரப் பொடியனுக்கு நைலோன் கயிறு அளந்துகொண்டிருந்தார். கடையில் இருப்பு எடுக்கும் நாளென்றால் கைப்போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாராம். உலகம் அழுதது அந்த லாச்சிக்குத்தான் கேட்டிருக்கும்.

“கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ, ஐயா. செத்த வீட்டு வேலை,” என்றான் பொடியன்.

“செத்தவர் என்ன எனக்குச் சொந்தமே? விலை விலைதான். ஆரின்ரை வீட்டுக்குப் பந்தல்?”

“ஆரோ குகதாசனாம். தம்பிக்காரன் கனடாவிலையிருந்து காசு போட்டிட்டார். பெரிய பந்தல், முதல்தரக் கதிரை.”

“எந்தக் குகதாசன்?”

“ஹாட்வெயார் குகதாசன் எண்டு...” பொடியன் கயிற்றைத் தோளில் போட்டபடி தலையை நிமிர்த்தினான். மேலே பெயர்ப்பலகை. அதை வாசித்தான். கீழே மாமாவைப் பார்த்தான். கயிறு தோளில் இருந்து தானாக வழுகி விழுந்தது.

மாமாவும் பெயர்ப்பலகையை ஒருதரம் எட்டிப் பார்த்தார், மாற்றிவிட்டார்களோ என்பதுபோல. அப்போதுதான் எதிர்ப்பக்கத்து வெள்ளை உடுப்புகள் அவருக்குத் தெரிந்தன. கடைசியாக, மாலைப் பையோடு வாசலில் நின்ற கோபி.

“உது ஆருக்கு?”

கோபிக்குப் பொய் சொல்ல நேரம் காணவில்லை. “உங்களுக்குத்தான், மாமா.”

அந்த நேரம் ஓட்டோ வந்து நின்றது. ஒப்பாரியோடு இறங்கிய குணலட்சுமி அன்ரி, கல்லாவில் நின்ற தமையனைக் கண்டதும் பாதிச் சொல்லில் நின்றுவிட்டார். அப்பா பொன்னம்பலம், அதே ஓட்டோவில் திரும்பிப் போகலாம் என்பதுபோல, ஓட்டோவுக்குக் கொடுக்க எடுத்த காசைத் திரும்ப மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“அண்ணை, நீ சாகேல்லையோ?”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை,” என்றார் மாமா.

பூக்கடைக்காரர் காட்டியதையே அன்ரியின் போனில் காட்டினார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மரண அறிவித்தலை முழுக்க வாசித்த முதல் ஆளானார். சீமெந்துப் பட்டியல் வாசிக்கிற அதே நிதானம். ‘குழாய்’ வந்தபோது புருவம் ஒருதரம் ஏறி இறங்கியது. கோவிலுக்குப் போய் அப்போதுதான் வந்து சேர்ந்த மாமி அவருடைய தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

“என்ரை பேர் எங்கை?” என்றார் மாமி.

மாமா மறுபடி மேலிருந்து தேடினார்.

“இந்த மனிசனோடை இவ்வளவு காலம் மாரடிச்ச எனக்கு உதுக்குள்ளை இடமில்லை. குழாய்க்கு இடமிருக்கு.”

கோபி நிலத்தைப் பார்த்தான். கஞ்சக் கதாநாயகனுக்கு மனைவி வைக்க அவனுக்கு நினைவே வரவில்லை.

அன்ரியின் கையில் இருந்த போன் அடித்தது. கனடாவில் இருந்து சுரேஸ், வீடியோவில். மாமாவுக்கும் தம்பி சுரேசுக்கும் கதைபேச்சு நின்று பல வருடம். தகப்பன் வளவில் ஒரு மதில் எங்கே வரவேண்டும் என்பதில் வந்த கோபம். அன்ரி பதறிப்போய்ப் போனைத் தமையனிடமே கொடுத்துவிட்டார்.

திரையில் அழுது வீங்கிய முகம் ஒன்று. எதிரில் அண்ணனைக் கண்டதும் அது அப்படியே உறைந்தது. இணைப்பு நின்றுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“அண்ணை?”

“ஓம்.”

“நீ... நான் ரிக்கற் போட்டிட்டன் அண்ணை. நாளைக்கு ஏறுறன்.”

“ஏன் உந்த வீண்செலவு. நான் கடையிலை நிக்கிறன்.”

சுரேஸ் மறுபடி அழத் தொடங்கினார். “அந்த மதிலை நீ எங்கை வேணுமெண்டாலும் கட்டு. எனக்கு ஒண்டும் வேண்டாம்.”

மாமா கல்லாவில் கிடந்த ஆணி ஒன்றை எடுத்து வேறு டப்பாவில் போட்டார், அது சரியான டப்பா இல்லை. “ரிக்கற்றை மாத்தாதை,” என்றார். “வா. பந்தலுக்கும் காசு கட்டிப்போட்டாய். சும்மா விடக்கூடாது.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“இதை எழுதினது ஆர்?”

எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். கோபி கையை உயர்த்தினான், வகுப்பில் உயர்த்துவதுபோலப் பாதிக்கு.

“நல்ல தமிழ்,” என்றார் மாமா. “பொங்கல் முடிஞ்ச அண்டே கடைக்கு வா. உன்னை வெளியிலை விட்டால் ஊரிலை ஒருத்தரையும் மிச்சம் விடமாட்டாய்.”

கோபிக்கு அன்று வந்த அதிர்ச்சிகளில் அதுதான் பெரியது. காலையில் மாமா செத்தார் என்று கேட்டபோது வெளுத்ததைவிட இப்போது கூட வெளுத்தான்.

திரும்பி வரும் வழியில் தனுசியா எடுத்தாள். அவளுடைய தளத்துக்கும் யாரோ அந்த அறிவித்தலை அனுப்பி, போடச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கப்படி சரிபார்க்க அவள் கடைப் போனுக்கு எடுத்திருக்கிறாள். “குகதாசன்தான் கதைக்கிறன், என்ன சாமான் வேணும்” என்று பதில் வந்திருக்கிறது. போடாமல் விட்டுவிட்டாள்.

“அதோடை நீர் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறீர்,” என்றாள். “கிரியை எத்தினை மணிக்கெண்டு போடேல்லை. அதாலைதான் சனம் எல்லாம் காலமையே வந்து நிண்டது.”

கோபி அதை இன்னொருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

மறுப்பு எழுத வேண்டி வந்தது. சாகவில்லை என்று அறிவிக்க ஒரு முறைமை எங்கள் ஊரில் கிடையாது. கோபி தன் முழுத் திறமையையும் போட்டு, வாழ்வின் நிலையாமையில் தொடங்கி, மாமா நலமாக இருப்பதில் கொண்டுவந்து முடித்தான். ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று அதற்குக் கீழேயும் எழுதினார்கள். ‘அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று மாமாவோடு படித்த ஒருவர் பிரான்சிலிருந்து எழுதினார். மாமா அவருக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

மரண அறிவித்தலால் பக்கத்துக்கு ஆட்கள் குவிந்தார்கள். காசு வருவதற்குத் தேவையான அளவைத் தாண்டியும் சேர்ந்துவிட்டார்கள். கோபி வங்கிக் கணக்கு விபரத்தை நிரப்பத் தொடங்கிய அன்றே, பொய்ச் செய்தி என்று பலர் முறையிட்டதால் பக்கம் மூடப்பட்டது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. கடையில் அந்த ஸ்ரூலுக்கு மாமி குஷன் தைத்துவிட்டதாகத் தகவல் வந்தது.

பக்கம் மூடப்பட முன் அவனுக்குத் தனிச்செய்திகள் சில வந்திருந்தன. ஒன்றை எனக்குக் காட்டினான். நோர்வேயில் இருந்து ஒரு பெண். “குகதாசன் ஐயாவின் அறிவித்தலை வாசித்து அழுதேன். எங்கள் அம்மா போன கிழமை காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு நீங்கள் ஒன்று எழுதித் தருவீர்களா? செய்ய வேண்டியதைச் செய்வோம்.”

“பார் மச்சான், என்னை என்னெண்டு நினைச்சிருக்கினம்,” என்றான். “நான் எழுத்தாளன்.”

“ஓம்,” என்றேன்.

பொங்கலும் வந்தது. பொன்னம்பலம் அங்கிளின் முற்றத்தில் பானை பொங்கியது. மறுநாள் கோபி ஸ்ரூலில் இருப்பதைப் படம் எடுக்கவேண்டும் என்று நான் தெல்லிப்பழைக்குப் போனேன். ஸ்ரூலில் பூனை படுத்திருந்தது.

“அவன் வரேல்லை,” என்றார் மாமா. “எழுத்தாலை ஏதோ வந்திட்டுதாம். தேப்பன் சொன்னவர்.” குரலில் சின்ன ஏமாற்றம் இருந்தது.

எனக்கு நம்ப முடியவில்லை. எந்தத் தளம் என்று அறியாமல் சோறு இறங்காது போலிருந்தது. அங்கிருந்து நேராகக் கொக்குவிலுக்கு விட்டேன். கேற் திறந்திருந்தது. விறாந்தைக் கரையில் கோபி எனக்கு முதுகு காட்டியபடி, போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தான். குரலை நன்றாகத் தாழ்த்தியிருந்தான்.

“ஓம் தனுசியா, கிரியை நேரம் போட்டிட்டன். மனுசியின்ரை பேரும் போட்டிட்டன், அதுதான் முதல் பாத்தனான்.” கொஞ்சம் கேட்டான். “அதில்லை. அன்னாரின்ரை மூத்த மருமகன் ஜேர்மனியை விட்டு லண்டனுக்குப் போயிட்டாராம். அடைப்புக்குள்ளை எந்த நாட்டைப் போடுறது?”